கரிம வேதியியலுக்குத் திராட்சையும் பல்குச்சியும் போதும்

கரிம வேதியியல் பாடத்தைத் திறந்ததும் பெயர்களை மனப்பாடம் பண்ண உட்காராதீர்கள். நான் அப்படித்தான் உட்கார்ந்தேன், மெத்தேன், எத்தேன் என்று பத்து வரைக்கும் மூச்சுவிடாமல் ஒப்பித்தேன், அப்புறம் தேர்வில் ஒரு கார்பனுக்கு ஐந்து கோடு போட்டுவைத்தேன். கார்பனுக்கு நான்கு கைதான். வெளிக்கூட்டில் நான்கு எலக்ட்ரான், அது எட்டு ஆவதற்கு இன்னும் நான்கு வேண்டும், அதனால் நான்கு பிணைப்பு. இது கையில் ஏறிவிட்டால் பாதிப் பாடம் முடிந்தது.

கையில் ஏற்ற, கொஞ்சம் கறுப்புத் திராட்சை, ஊறவைத்த பட்டாணி, கேரட் துண்டு, பல் குத்தும் குச்சி எடுத்துக்கொள்ளுங்கள். திராட்சை கார்பன், பட்டாணி ஹைட்ரஜன், கேரட் ஆக்சிஜன், குச்சி பிணைப்பு. பட்டாணி ராத்திரி முழுக்க ஊற வேண்டும், இல்லாவிட்டால் குச்சிதான் உடையும்.

முதலில் ஒரு திராட்சையில் நான்கு குச்சி. கூட்டல் குறி மாதிரி தட்டையாகக் குத்தாதீர்கள். மூன்றை முக்காலிக் கால்போல் கீழே விரித்து, ஒன்றை மேலே நிறுத்துங்கள். நுனிகளில் பட்டாணி வைத்தால் மெத்தேன், சாண எரிவாயுவில் எரிகிறதே, அதுதான். இரண்டு குச்சிகளுக்கு நடுவே கோணம் 109.5 டிகிரி இருக்க வேண்டும், நமக்குக் குத்துமதிப்பாக வந்தால் போதும்.

இரண்டு திராட்சையைக் கோத்து, மிச்சக் கைகளில் எல்லாம் பட்டாணி வைத்தால் எத்தேன், மூன்று என்றால் புரொப்பேன். நான்கில்தான் விளையாட்டு ஆரம்பம். வரிசையாகக் கோத்தால் பியூட்டேன். மூன்றைக் கோத்து நான்காவதை நடுத் திராட்சையில் மாட்டினால் 2-மெத்தில்புரொப்பேன். இரண்டிலும் பட்டாணியை எண்ணுங்கள், பத்துதான் வரும். சரக்கு ஒன்று, கட்டுமானம் வேறு. இதைத்தான் மாற்றியம் என்கிறார்கள். ஐந்து திராட்சைக்கு மூன்று மாற்றியம் உண்டு. நான்கு, ஐந்து என்று கண்டுபிடித்துவிட்டதாகத் தோன்றினால், சங்கிலியை வளைத்துவிட்டுப் புதுசு என்று எண்ணியிருப்பீர்கள். நுனித் திராட்சையில் கிளை வைத்தால் அது கிளையே இல்லை, சங்கிலிதான் நீண்டிருக்கிறது.

பெயர் வைப்பது இதற்கப்புறம் சுலபம். மெத்தில் என்றால் ஒரு திராட்சைக் கிளை, முன்னால் உள்ள எண் அது மாட்டியிருக்கும் இடம். மிக நீளமான சங்கிலியைத் தேடுங்கள், கிளைக்குப் பக்கமாக இருக்கும் நுனியிலிருந்து எண்ணுங்கள். 3-மெத்தில்பியூட்டேன் என்று எழுதினால் மார்க் போச்சு, மறுமுனையிலிருந்து எண்ணினால் அது 2.

சரி, இப்போது இரண்டு திராட்சைக்கு நடுவே இரண்டு குச்சியை இணையாகக் குத்துங்கள். ஆளுக்கு இரண்டு பட்டாணிக்குத்தான் இடமிருக்கும்: எத்தீன். திருகிப் பாருங்கள், எத்தேன் மாதிரி சுற்றாது. மூன்று குச்சி என்றால் எத்தைன், ஆளுக்கு ஒரே பட்டாணி. பெயரின் வால் ஏன், ஈன், ஐன் என்று மாறுவது குச்சிக் கணக்கில்தான். வாழைக்காய் தானாகப் பழுக்கும்போது வெளிவிடுவது எத்தீன். மாம்பழத்தைக் 'கல் வைத்து' பழுக்கவைக்கிறார்களே, அந்தக் கால்சியம் கார்பைடு ஈரம் பட்டதும் கக்குவது எத்தைன். அந்தக் கல்லில் ஆர்சனிக்கும் பாஸ்பரஸும் கலந்திருக்கும் என்பதால் இந்தியாவில் அதற்குத் தடை. எத்தீன் வாயுவுக்கு அளவோடு அனுமதி உண்டு. ஒரு குச்சி வித்தியாசம், ஒன்றுக்கு அனுமதி, மற்றதற்குத் தடை!

கடைசியாகக் கேரட். ஆக்சிஜனுக்கு இரண்டு கை. எத்தேனில் ஒரு பட்டாணியைக் கழற்றி, அந்த இடத்தில் கேரட்டை மாட்டி, கேரட்டின் மறுகையில் அதே பட்டாணியை வையுங்கள். எத்தனால், கொதிநிலை 78 டிகிரி செல்சியஸ். அதே கேரட்டை இரண்டு திராட்சைக்கும் நடுவில் செருகினால் டைமெத்தில் ஈதர், அது மைனஸ் 24 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஒரு பட்டாணிகூட கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஆக்சிஜனில் ஒட்டிய ஹைட்ரஜன் பக்கத்து மூலக்கூறின் ஆக்சிஜனையும் பிடித்துக்கொள்வதால் எத்தனால் அவ்வளவு சீக்கிரம் ஆவியாகாது; ஈதரில் அந்தப் பிடி இல்லை. வினைசெயல் தொகுதி, அதாவது மூலக்கூறின் குணத்தைத் தீர்மானிக்கும் பகுதி என்று புத்தகம் தனியாகப் பாடம் நடத்துவது இதற்காகத்தான்.

இனி நீங்களே செய்து பாருங்கள்: நான்கு திராட்சை, பத்து பட்டாணி, ஒரு கேரட். ஏழு விதமாகக் கட்டலாம், நான்கு ஆல்கஹால் (எத்தனால் மாதிரி, கேரட்டின் ஒரு கையில் பட்டாணி), மூன்று ஈதர் (கேரட்டின் இரண்டு கையிலும் திராட்சை). ஆறோடு நின்றுவிட்டால் ஈதரைத் திரும்பப் பாருங்கள், மூன்று திராட்சையைக் கேரட்டோடு சேர்க்கும்போது நுனியில் மாட்டுவதும் நடுவில் மாட்டுவதும் வேறு வேறு.