யூத நோன்பு நாள்களைக் கற்பிக்கும்போது நேரும் பிழைகள்

யூத நோன்புகளைப் பற்றிய பாடம் பெரும்பாலும் அன்று எவை விலக்கு என்ற பட்டியலோடு தொடங்கி அதோடு முடிந்துவிடுகிறது. அந்த வயிற்றுப்பசி எந்த வழிபாட்டுக்குத் துணையாக வந்தது என்பதை மாணவர் அறியாமலே தேர்வெழுதிவிடுகிறார்.

இதிலிருந்து கிளைக்கும் பெரும்பிழை, எல்லா நோன்புகளையும் துக்க நாள்களாகக் காட்டுவது. யோம் கிப்பூர், திஷா பெஆவ் என்ற இரு நோன்பு நாள்களும் ஏறத்தாழ 25 மணி நேரம் நீடிப்பவை. இரண்டிலும் உணவும் நீரும் குளியலும் தோல் செருப்பும் விலக்கு. ஆனால் திஷா பெஆவ் அன்று, எருசலேம் ஆலயம் கி.மு. 586இலும் கி.பி. 70இலும் அழிக்கப்பட்டதை எண்ணித் தரையிலோ தாழ்ந்த இருக்கையிலோ அமர்ந்து புலம்பல் நூலை வாசிக்கிறார்கள். மனத்துக்கு மகிழ்ச்சி தருவது என்பதால் யூத வேதமான தோராவின் வழக்கமான கல்வியைக்கூட அன்று தவிர்க்கிறார்கள். யோம் கிப்பூரோ துக்க நாள் அல்ல, மன்னிப்பின் திருநாள். பலர் வெண்ணிற உடை அணிவார்கள். துக்கத்துக்கு இடமில்லாத வாராந்தர ஓய்வுநாளில் திஷா பெஆவ் வந்தால் மறுநாளுக்குத் தள்ளிவைக்கப்படும், யோம் கிப்பூர் தள்ளிவைக்கப்படாது என்ற ஒரு விதியைச் சொன்னாலே மாணவருக்கு இந்த வேறுபாடு விளங்கிவிடும்.

ஜெபம் என்றால் இறைவனிடம் வேண்டுவது என்று மட்டும் விளக்குவதும் போதாது. ஜெபித்தலைக் குறிக்கும் எபிரேய வினை தன்னையே நோக்கித் திரும்பும் வடிவில் அமைந்திருப்பதால், தன்னைத் தானே தீர்ப்பிடுவது என்றும் மரபுரைகள் அதற்குப் பொருள் கூறுகின்றன. யோம் கிப்பூரின் பாவ அறிக்கையில் வரும் ‘அஷம்னு’ என்ற சொல்லைச் சிலர் ‘நான் குற்றம் செய்தேன்’ என்று மொழிபெயர்த்துவிடுகிறார்கள். அது பன்மை; இறைவனை முன்னிலைப்படுத்திச் சொல்லப்படுவதால் தமிழில் ‘நாம்’ என்றும் ஆகாது, ‘நாங்கள்’ என்றே வர வேண்டும். தான் செய்யாத குற்றத்தையும் சமூகத்தோடு சேர்ந்து அறிக்கையிடும் பொறுப்பு அந்த ஒரு விகுதியில் இருக்கிறது.

நோன்பு இருந்தாலே பாவம் தீரும் என்று கற்பிப்பதை, யூதச் சட்ட மரபின் பழந்தொகுப்பான மிஷ்னாவே மறுக்கிறது. மழை பொய்த்த காலத்து நோன்பில் மூத்தவர் ஒருவர் எழுந்து, நினிவே நகர மக்களின் சாக்குத்துணி உடையையும் நோன்பையும் இறைவன் கண்டதாக வேதம் சொல்லவில்லை, அவர்கள் தீய வழியை விட்டுத் திரும்பிய செயல்களைக் கண்டதாகவே சொல்கிறது என்று நினைவூட்டுவார். அயலாருக்கு இழைத்த தீங்கை, அவரைச் சமாதானப்படுத்தும்வரை யோம் கிப்பூர் நிவர்த்தி செய்யாது என்பதும் மிஷ்னாவின் தெளிவான கூற்று. நினிவேயின் கதையைச் சொல்லும் யோனா நூல் யோம் கிப்பூர் பிற்பகலில் வாசிக்கப்படுவதால், பாடத்தை அங்கிருந்தே தொடங்கலாம் என்பது என் கருத்து.

அனுபவப் பயிற்சி என்று பிள்ளைகளைப் பட்டினி போடுவது வேண்டவே வேண்டாம். சிறுவரை முழு நோன்பு இருக்கச் செய்யலாகாது, உரிய வயதுக்கு ஓரிரு ஆண்டுகளுக்கு முன்பிருந்து பழக்கினால் போதும் என்கிறது மிஷ்னா. கொடும்பசியால் நிலைகுலைந்தவருக்கு, யோம் கிப்பூர் ஆனாலும், கண்கள் தெளியும்வரை உணவூட்ட வேண்டும் என்பதும் அதே பகுதியில்தான் வருகிறது.