'ஒரு நாளைக்கு எவ்வளவு?' என்று கேட்டுவிட்டு வராதீர்கள்

போன வாரம் புதுச்சேரி சேதராப்பட்டு தொழிற்பேட்டை டீக்கடையில் இரண்டு ஆய்வு மாணவர்கள் ஒரு பீகார் தொழிலாளியிடம் பேசிக்கொண்டிருந்தார்கள். "ஒரு நாளைக்கு எவ்வளவு?" என்று கேட்டார்கள், எழுதிக்கொண்டார்கள், கிளம்பிவிட்டார்கள். 15 வருடங்களுக்கு முன் நானும் இதைத்தான் செய்தேன். பிழைக்க வெளியூர் போனவர்களிடம் பாகுபாடு காட்டுகிறார்களா என்று ஆராயப் போகிறவர்கள் செய்கிற தவறுகள்தான் கீழே.

'சம்பளம் சமம்' என்று எழுதுவது

என் முதல் கள ஆய்வு புதுச்சேரியில், ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில். உள்ளூர்க்காரர்களிடமும் வெளிமாநிலத்தவரிடமும் நாள் கூலி கேட்டேன். ஏறக்குறைய ஒரே தொகைதான் வந்தது. பாகுபாடு இல்லை என்று அறிக்கை கொடுத்துவிட்டேன். அப்புறம்தான் மேஸ்திரியின் வருகை நோட்டு கண்ணில் பட்டது. காலை எட்டிலிருந்து இரவு எட்டு வரை நின்ற உள்ளூர்ப் பையனுக்கு அன்றைய கட்டத்தில் ஒன்றரை நாள் கூலி. பக்கத்து மெஷினில் அதே நேரம் நின்ற ஒடிசாக்காரருக்கு வெறும் ஒன்று. அவருக்கு 'ஒரு நாள்' என்றாலே பன்னிரண்டு மணி நேரம்!

கூலி 500 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 8 மணி நேரத்துக்கு என்றால் மணிக்கு 62 ரூபாய் 50 காசு. 12 மணி நேரத்துக்கு என்றால் 42 ரூபாய்கூட வராது. கூடுதல் நேரத்துக்கு இரட்டைச் சம்பளம் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டமே சொன்னது. அப்படிப் பார்த்தால் அந்த ஒன்றரையே குறைவு. என் அறிக்கையைக் கம்பெனிக்காரர்கள் வருகிறவர்களிடமெல்லாம் எடுத்துக் காட்டினார்கள். இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது.

அதனால் பொதுவாகக் கேட்காதீர்கள், நேற்றைப் பற்றிக் கேளுங்கள். எத்தனை மணிக்கு உள்ளே போனீர்கள், எப்போது வெளியே வந்தீர்கள்? போன மாதம் எத்தனை ஞாயிறு வேலை? ரூமுக்கும் அட்வான்ஸுக்கும் பிடித்தது போகக் கையில் எவ்வளவு?

மேஸ்திரியை மொழிபெயர்க்கச் சொல்வது

வேண்டவே வேண்டாம்.

எல்லோரையும் 'வடக்கன்' கட்டத்தில் போடுவது

ஒடியா, வங்காளி, அசாமியர் எல்லோரும் ஒன்றா? 'வங்கதேசமா?' என்ற கேள்விக்குப் பயந்து வாழ்கிற வங்காளி முஸ்லிம் ஒருவர், ஊர் பெயர் கேட்டதுமே பேச்சை நிறுத்திவிடுவார். ஊரைக் கடைசியில் கேளுங்கள்.

பிரான்சின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நம்மவரைத் தேடுவது

அங்கே பிறந்த இடமும் குடியுரிமையும் கேட்பார்கள், இனத்தைக் கேட்கமாட்டார்கள். புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்த 1962க்குப் பிறகு பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்துப் போன குடும்பத்தின் பேரனும் அவன் பெற்றோரும் பாரீசில் பிறந்திருந்தால், கணக்கில் அவன் பிரெஞ்சுக்காரன், அவ்வளவுதான். பெயரைப் பார்த்தே அவனை வேலைக்கு எடுக்காமல் விட்டார்களா என்பது அதில் தெரியாது. 2004இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், பாஸ்டனிலும் சிகாகோவிலும் ஒரே மாதிரித் தகுதியுள்ள விண்ணப்பங்களை வேறு வேறு பெயர்களில் அனுப்பினார்கள். வெள்ளையர் பெயருக்குச் சுமார் 10 விண்ணப்பத்துக்கு ஓர் அழைப்பு, கறுப்பர் பெயருக்கு 15க்கு ஒன்று. பேரனுக்கு நடப்பது தெரிய வேண்டுமென்றால் அப்படித்தான் அனுப்பிப் பார்க்க வேண்டும்.