லைன்மேனுக்கு வேண்டிய பலம்: ஆடும் பதினொருவரில் இடம்பிடிக்க உழைக்கும் இளைஞர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்கக் கால்பந்தில் பந்தை முன்னே கொண்டு செல்லும் பதினொருவரில் ஐவர் தாக்கு வரிசை லைன்மேன்கள். நடுவில் நிற்கும் சென்டர் பந்தைப் பின்னால் கொடுத்து ஆட்டத்தைத் தொடங்குகிறார்; அவருக்கு இருபுறமும் இரண்டு கார்டுகளும், அவர்களுக்கு வெளியே இரண்டு டாக்கிள்களும் நிற்கிறார்கள். எதிரணியினரைத் தடுத்து, பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கைக் காப்பதும், பந்தோடு ஓடிவருபவருக்கு வழி திறந்துவிடுவதுமே இவர்களுடைய வேலை. உயர்நிலைப் பள்ளியிலோ கல்லூரியின் முதலாண்டிலோ மாற்று வீரராகக் காத்திருக்கும் இளைஞர், தமக்குக் குறைவது பலம்தான் என்று முடிவுசெய்து ஜிம்முக்குள் நுழைகிறார். அந்த முடிவு பெரும்பாலும் சரியானதே. ஆனால் அந்தப் பலத்தைக் கம்பியில் ஏற்றிய எடையிலும் தராசு முள்ளிலும் மட்டும் தேடத் தொடங்கும்போது உழைப்பு திசைமாறிவிடுகிறது. ஏனெனில் பயிற்சியாளர் வீரரைத் தேர்ந்தெடுப்பது மைதானப் பயிற்சியின் ஒளிப்பதிவைப் பார்த்துத்தான்.

பெஞ்ச் பிரஸ் மீதுள்ள மயக்கம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. தொழில்முறை அணிகளில் சேர விரும்புவோருக்கு இண்டியானாபொலிஸ் நகரில் நடக்கும் தேர்வு முகாமில், 225 பவுண்டு, அதாவது சுமார் 102 கிலோ எடையை எத்தனை முறை தூக்க முடிகிறது என்று எண்ணுகிறார்கள். அந்த எண் தொலைக்காட்சியில் வருவதால் பள்ளி மாணவர்களும் அதையே அளவுகோலாகக் கொள்கிறார்கள். பெஞ்ச் பிரஸ் முதுகைப் பலகையில் சாய்த்துச் செய்யும் பயிற்சி; லைன்மேனுக்கோ மைதானத்தில் சாய்ந்துகொள்ளப் பலகை எதுவும் இல்லை. அவர் தள்ளும் விசை பாதத்தில் பிறந்து, இடுப்பின் வழியாக ஏறி, உள்ளங்கையில் வெளிப்பட வேண்டும். ஆகவே ஸ்குவாட் (தோளில் எடையோடு உட்கார்ந்தெழுதல்), டெட்லிஃப்ட் (தரையிலிருந்து எடையைத் தூக்கி நிமிர்தல்), பவர் கிளீன் (எடையைத் தரையிலிருந்து தோள்வரை ஒரே வீச்சில் ஏற்றுதல்), எடை ஏற்றிய ஸ்லெட் என்னும் சறுக்குச் சட்டத்தைத் தள்ளுதல் ஆகியவையே அவருடைய பயிற்சியின் முதுகெலும்பாக இருக்க வேண்டும். நெஞ்சுக்குக் கொடுக்கும் நேரத்துக்குக் குறையாமல் மேல்முதுகுக்கும் நேரம் ஒதுக்க வேண்டும். கழுத்துக்கும் கைப்பிடி வலிமைக்கும் பெரும்பாலோர் பயிற்சி கொடுப்பதே இல்லை.

ஸ்குவாட் செய்பவர்களும் வேறொரு வகையில் தம்மை ஏமாற்றிக்கொள்கிறார்கள். கம்பியில் தட்டுகளை அடுக்கிவிட்டுக் கால்வாசி மட்டும் இறங்கி எழுவதால் எண் பெரிதாகிறது. ஆனால் தாழ்ந்த நிலையில் பலம் வளர்வதில்லை. இருவர் மோதும்போது யாருடைய தோள் தாழ்ந்திருக்கிறதோ அவருக்கே சாதகம் என்பது இந்த ஆட்டத்தின் அடிப்படைப் பாடம். மேல்நிலையில் மட்டும் பலம் உள்ளவர் பந்து நகர்ந்த மறுகணமே நிமிர்ந்துவிடுவார், நிமிர்ந்தவரைத் தள்ளுவது எளிது. எடையைக் குறைத்தாவது தொடை தரைக்கு இணையாக வரும்வரை இறங்கிப் பழக வேண்டும். அதற்குக் கணுக்கால் வளையவில்லை என்றால் முதலில் கணுக்காலைக் கவனிக்க வேண்டும்.

எவ்வளவு பலம் இருந்தாலும் கையையும் காலையும் வைக்க வேண்டிய இடத்தில் வைக்கத் தெரியாதவர் அணிக்குச் சுமையாகிவிடுவார். கால் பின்தங்கிய லைன்மேன் எதிராளியின் சட்டையைப் பிடித்து இழுப்பார், அதற்குத் தண்டனையாக அணி 10 கெஜம் பின்னே செல்ல வேண்டும். பந்து நகருமுன் அசைந்தால் 5 கெஜம். சற்றுப் பலம் குறைந்தாலும் தம் பொறுப்பை அறிந்து நடப்பவரையே பயிற்சியாளர் களமிறக்குவார் என்பதை ஜிம்மிலேயே பொழுதைக் கழிப்பவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

அடுத்தது உடல் எடை. தொழில்முறை லைன்மேன்களில் பெரும்பாலோர் 300 பவுண்டுக்கு மேல் இருப்பதைப் பார்த்து, 240 பவுண்டு இளைஞர் கண்ணில் பட்டதையெல்லாம் உண்ணத் தொடங்குகிறார். விரைவாக ஏறும் எடையில் பெரும்பகுதி கொழுப்புதான், அதையும் சுமந்துகொண்டுதான் அவர் முதல் இரண்டு அடிகளை எடுத்துவைக்க வேண்டும். வாரத்துக்குக் கால் கிலோ முதல் அரைக் கிலோ வரை ஏறினால் போதுமானது. உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 1.6 முதல் 2 கிராம் வரை புரதம் என்பது பரவலாக ஏற்கப்பட்ட அளவு. 110 கிலோ எடையுள்ளவருக்கு இது சுமார் 175 முதல் 220 கிராம் வரை வரும். இதை நான்கைந்து வேளைகளாகப் பிரித்து உண்பது நல்லது. எடையைக் குறிக்கும் அதே ஏட்டில் இடுப்புச் சுற்றளவையும் பத்து கெஜ ஓட்டத்தின் நேரத்தையும் குறித்து வந்தால் உண்மை தெரிந்துவிடும். எடை ஏறி, ஓட்டமும் மந்தமானால் அந்த எடையால் பயனில்லை. குறட்டையும் இரத்த அழுத்தமும் கூடினால் மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடக் கூடாது. பெருத்த உடல் இல்லாமலும் சாதிக்கலாம் என்பதற்கு ஜேசன் கெல்சி எடுத்துக்காட்டு. அவர் சின்சினாட்டி பல்கலைக்கழக அணியில் உதவித்தொகையின்றி, பந்தோடு ஓடும் ரன்னிங் பேக்காகச் சேர்ந்து, பின்னர் தாக்கு வரிசைக்கு மாறியவர். தொழில்முறை அணிகள் கல்லூரி வீரர்களைச் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கும் தேர்வில், 2011-இல் ஆறாவது சுற்றில்தான் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் அணி அவரைத் தேர்ந்தெடுத்தது. 300 பவுண்டுக்கும் குறைந்த உடலோடு, வேகத்தையும் மோதும் கோணத்தையும் நம்பி, 13 பருவங்கள் சென்டராக ஆடினார்.

மூச்சுத்திறனை வளர்க்க மைல்கணக்கில் ஓடுவதும் வீண் வேலை. களத்தில் ஒரு மோதல் ஐந்தாறு விநாடிகளில் முடிந்துவிடுகிறது. அடுத்ததற்கு முன் 40 விநாடிக் கடிகாரம் ஓடுகிறது. குறுகிய முழுவேக முயற்சியும் அதற்கேற்ற ஓய்வும் மாறிமாறி வரும் பயிற்சியே இந்த ஆட்டத்துக்குப் பொருந்தும்.

இதுவரை சொன்ன தவறுகளால் இழப்பது இடத்தை மட்டுமே; இனிச் சொல்லப்போகிறவை உயிருக்கே ஆபத்தானவை. 2011 ஜனவரியில், விடுமுறை முடிந்து திரும்பிய அயோவா பல்கலைக்கழக வீரர்கள் தம் அதிகபட்ச எடையில் பாதியை ஏற்றி நூறு முறை ஸ்குவாட் செய்ய வைக்கப்பட்டார்கள்; அந்தக் கடும்பயிற்சியைத் தொடர்ந்து 13 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். தசை இழைகள் சிதைந்து அவற்றின் உட்பொருள் இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைத் தாக்கும் ராப்டோமயோலிசிஸ்தான் அவர்களுக்கு நேர்ந்தது. 2017 ஜனவரியில் ஒரிகன் பல்கலைக்கழகத்தின் மூன்று வீரர்கள் இதேபோலக் கடும்பயிற்சிக்குப் பின் மருத்துவமனைக்குச் சென்றார்கள். வழக்கத்துக்கு மீறிய தசைவலியோடு சிறுநீர் கோலா நிறத்தில் போனால், அதை உழைப்பின் அடையாளம் என்று பெருமைப்படாமல் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். விடுமுறைக்குப் பின் முதல் வாரத்தில் பயிற்சியின் அளவைப் பாதியாகவும், இரண்டாம் வாரத்தில் வழக்கத்தைவிட முப்பது விழுக்காடு குறைவாகவும் வைக்க வேண்டும் என்று அமெரிக்க வலிமைப் பயிற்சியாளர் அமைப்புகள் 2019-இல் கூட்டாக வழிகாட்டின. விட்ட நாள்களை ஒரே நாளில் ஈடுகட்ட நினைப்பதும், தாமதமாக வந்தவருக்குத் தண்டனையாகக் கூடுதல் பயிற்சி கொடுப்பதும் இதற்கு நேர்மாறானவை.

வெயிலைப் பொறுத்தவரை லைன்மேன்களே அதிக ஆபத்தில் இருப்பவர்கள். பருத்த உடலில் வெப்பம் மிகுதியாக உண்டாகிறது, அது வெளியேறத் தேவையான தோல்பரப்போ எடையோடு ஒப்பிட்டால் குறைவு. மின்னசோட்டா வைக்கிங்ஸ் அணியின் கோரி ஸ்ட்ரிங்கர் 2001 ஆகஸ்ட் 1 அன்று வெப்பத்தாக்கத்தால் இறந்தார். மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தின் ஜோர்டன் மெக்நேர் 2018 மே 29 அன்று ஓட்டப்பயிற்சியில் நிலைகுலைந்து, ஜூன் 13 அன்று 19 வயதில் உயிரிழந்தார். இருவருமே தாக்கு வரிசை லைன்மேன்கள். மெக்நேரை உடனடியாகக் குளிர்நீரில் அமிழ்த்தவில்லை என்பதைப் பின்னர் நடந்த விசாரணை சுட்டிக்காட்டியது. ஆம்புலன்ஸில் ஏற்றுவதற்கு முன் பனிநீர்த் தொட்டியில் குளிர்விப்பதுதான் சரியான முதலுதவி, அதுவும் அரை மணி நேரத்துக்குள். பருவத்தின் முதல் 14 நாள்கள் உடல் வெயிலுக்குப் பழகும் காலம். அந்நாள்களில் தலைசுற்றலை மறைத்துத் தம் உறுதியை மெய்ப்பிக்கப் பார்ப்பதுதான் மாற்று வீரர் செய்யக்கூடிய மிகக் கொடிய தவறு.

ஊட்டப் பொடிகளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. லேபிளில் இல்லாத தடைசெய்யப்பட்ட பொருள் கலந்திருந்தாலும் பொறுப்பு வீரருடையதே. கல்லூரி விளையாட்டில் ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கினால் அணியில் ஆடும் தகுதியில் ஓராண்டை இழக்க நேரும். பதின்வயதினர் எட்டு முதல் பத்து மணி நேரம் தூங்கினால் கிடைக்கும் பலனை எந்தப் பொடியும் தருவதில்லை.

பருவம் தொடங்கி, பெயர் மாற்று வீரர் பட்டியலிலேயே நின்றுவிட்டால், எடைப் பயிற்சியைக் கைவிட்டுவிடுவது பலருடைய வழக்கம். களத்தில் ஆடும் வீரர்கள் ஆட்டத்தின் களைப்பால் பயிற்சியைக் குறைத்துக்கொள்கிறார்கள், அதில் பொருள் இருக்கிறது. ஆட்டம் நடக்கும் சனிக்கிழமை முழுவதும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவருக்கு அந்தக் காரணம் இல்லை. அவர் வாரத்துக்கு இரண்டு மூன்று நாள்கள் கனமாகத் தூக்கலாம். முதலாண்டு வீரர் நான்கு ஆட்டங்கள் வரை ஆடினாலும் கல்லூரி அணியில் ஆட அனுமதிக்கப்பட்ட ஆண்டுகளில் அந்த ஆண்டை இழக்க மாட்டார் என்று 2018-இல் கல்லூரி விளையாட்டு விதி மாற்றப்பட்ட பிறகு, நவம்பரில் காயங்கள் பெருகும் வேளையில் பயிற்சியாளர்கள் இளையவர்களை அழைப்பது எளிதாகிவிட்டது. ஆகஸ்ட்டில் இருந்த பலத்தை நவம்பர் வரை காத்து வந்தவருக்கே அந்த அழைப்பு பயன்படும்.