ஓஷோக்போ கோயில்காட்டுச் சிலைகள்: பழுது பார்க்கும்போது செய்யக்கூடாதவை

நைஜீரியாவின் தென்மேற்கில் இருக்கிறது ஓஷோக்போ. ஊரின் ஓரத்தில் ஓஷுன் ஆறு. ஆற்றை ஒட்டி 75 ஹெக்டேரில் ஒரு கோயில்காடு. ஓஷுன் யொருபா மக்களின் ஆற்றுத் தெய்வம், பிள்ளை வரம் தருபவள். காட்டுக்குள் மரங்களுக்கு நடுவே பெரிய பெரிய சிலைகள் வெட்டவெளியில் நிற்கின்றன. 2005இல் இந்தக் காட்டை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

இவை பல நூற்றாண்டு பழைய சிலைகள் என்று பலர் எழுதிவிடுகிறார்கள். பழையது வழிபாடுதான். கரையான் அரித்த சன்னதியைச் சரிசெய்ய, 1950களின் பிற்பகுதியில், ஆஸ்திரியாவிலிருந்து வந்து அங்கேயே தங்கிவிட்ட கலைஞர் சுசான் வெங்கரின் உதவியைப் பூசாரிகள் கேட்டார்கள். அந்த மராமத்து வேலையிலிருந்து வளர்ந்தவைதான் இன்று நாம் பார்க்கும் சிலைகள்.

அதற்காக எல்லாமே வெங்கர் ஒருவரின் கைவேலை என்று சொல்வதும் பெரிய தவறு. அவரோடு உள்ளூர்க் கலைஞர்களும் வேலை செய்தார்கள். அதெபிசி அகாஞ்சி கொத்தனாராக இருந்து சிற்பியானவர். கசாலி அகாங்பே மரம் செதுக்கினார், புராய்மோ கபதாமோசி கல் செதுக்கினார். யார் செய்தது என்பது பெருமைக்காக மட்டும் தெரிய வேண்டிய விஷயம் இல்லை. ஒரு சுவரின் வளைவு எந்தக் கையில் பிறந்ததோ, அந்தக் கையிடம் பழகியவருக்குத்தான் அதை மறுபடி பிடிக்க வரும்.

சரி, பழுது எப்படி வருகிறது? பல சிலைகளுக்கு உள்ளே இரும்புக் கம்பி, மேலே செம்மண்ணும் சிமெண்டும். மழைக்காலத்தில் முடி அளவு விரிசலில் தண்ணீர் இறங்கும். கம்பி துருப்பிடிக்கும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். உள்ளிருந்து நெட்டித் தள்ளும். விரிசல் விரல் நுழையும் அளவு ஆகும், அப்புறம் ஒருநாள் கை தனியாக விழும். இதைப் பார்த்ததும் கலவையைக் குழைத்து மேலே பூசிவிடுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. வெளியே பார்க்க முழுசாக இருக்கும். உள்ளே துரு நிற்காது. ஆடும் சிமெண்டைத் தட்டி எடுத்து, கம்பி தெரியும்வரை திறந்து, துருவைச் சுரண்டி, இற்றுப்போன கம்பியை மாற்றி, அந்த இடத்தை நனைத்த பிறகுதான் புதுக்கலவை.

அந்தக் கலவையும் கெட்டியாக இருக்கக்கூடாது. செம்மண் ஈரத்தை வாங்கி மெல்ல விடும். அதன்மேல் சிமெண்டை அதிகம் போட்டுப் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லை. பூச்சு உப்பி, பழைய மண்ணையும் சேர்த்துப் பிய்த்துக்கொண்டு வரும். ஈரத்தை அடைக்கிற பெயின்ட்டை அடித்துப் புதுசாக்கினாலும் இதே கதிதான்.

கிளை முறிந்து சிலைமேல் விழுகிறது, மரத்தையே வெட்டிவிடலாம் என்ற யோசனையும் வரும். இந்தக் காட்டில் மரம் வெட்டக்கூடாது, வேட்டையாடக்கூடாது, ஆற்றில் மீன்கூடப் பிடிக்கக்கூடாது. அங்கே காடுதான் கோயில். சிலைகள் அதற்குள் இருப்பவை.

ஆறும் அப்படியே. ஆகஸ்டில் நடக்கும் திருவிழாவில் அருக்பா என்ற கன்னிப்பெண் படையல் நிறைந்த சுரைக்குடுக்கையைத் தலையில் சுமந்து ஆற்றங்கரைக்கு வருவாள். ஆற்றின் மேல்பகுதியில் தங்கம் தோண்டுவதால் ஓஷுன் இப்போது செம்மண் குழம்பாக ஓடுகிறது. பக்தர்கள் அந்தத் தண்ணீரைத்தான் கேன்களில் பிடித்துப் போகிறார்கள், குடிக்கவும் செய்கிறார்கள்.