ஏரோமாடலிங் கிளப்புக்கு வரிவிலக்கு: பைலா முதல் 80ஜி ரசீது வரை

ஞாயிற்றுக்கிழமை பத்துப் பேர் சேர்ந்து மாடல் விமானம் பறக்கவிடுகிறார்கள். அதே கிளப் சனிக்கிழமை பள்ளிப் பிள்ளைகளுக்குக் கிளைடர் கட்டச் சொல்லிக்கொடுக்கிறது. வருமான வரிச் சட்டத்தின் கணக்கில் இதில் எது தர்மம்? சனிக்கிழமை மட்டும்தான். உறுப்பினர்கள் தங்கள் சந்தாவில் தாங்களே பறக்கவிட்டு மகிழ்வது நல்ல பொழுதுபோக்கு, அவ்வளவே. இதைப் பிரித்துக் காட்டத் தெரியாததால்தான் பல விண்ணப்பங்கள் கேள்விக் கடிதத்தில் சிக்குகின்றன.

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் இப்படி ஒரு குழு வைத்திருப்பவர்கள் முதலிலிருந்து என்ன செய்ய வேண்டும் என்று பார்ப்போம்.

படி 1: பொழுதுபோக்கைத் தனியே விடுங்கள்

இருக்கிற கிளப்பை அப்படியே விட்டுவிட்டு, பிள்ளைகளின் கல்விக்கென்று புதிதாக ஒரு சங்கம் தொடங்குவதே சுலபம். பழைய கிளப்பின் பைலாவை (சங்கத்தின் விதிகளை)த் திருத்திச் சரிசெய்வது இருமடங்கு வேலை. பழைய கணக்கையும் சேர்த்துக் கேட்பார்கள். அறக்கட்டளையாகவும் பதியலாம். ஆனால் பொதுக்குழு கூட்டி, கைதூக்கி முடிவெடுத்துப் பழகியவர்களுக்குச் சங்கம்தான் ஒத்துவரும்.

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன்படி குறைந்தது 7 பேர் வேண்டும். பதிவு மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில். ஏழு பேரும் ஒரே குடும்பமாக இருந்தால் பின்னால் வருமான வரியில் உறுத்தும். கணித ஆசிரியர் ஒருவர், பெற்றோர் ஒருவர் என்று கலந்து வையுங்கள்.

படி 2: பைலா

அவசரப்படக் கூடாத இடம் இது. நோக்கப் பிரிவில் "விமான விளையாட்டை வளர்ப்பது", "உறுப்பினர்களுக்குப் பறக்கும் வசதி செய்வது" என்று எழுதினால் அங்கேயே கதை முடிந்தது. இப்படி எழுதலாம்:

"கன்னியாகுமரி மாவட்டத்தில் 10 முதல் 18 வயதுள்ள மாணவ மாணவியருக்கு, சாதி, மத, பாலின வேறுபாடின்றி, வானூர்தி அறிவியலில் பாடத்திட்டத்தின்படி முறையான வகுப்பும் செய்முறைப் பயிற்சியும் அளிப்பது."

"முறையான" என்ற சொல்லுக்குக் காரணம் இருக்கிறது. கல்வி என்றால் ஒழுங்குமுறையான பயிற்சி என்று 1975-இல் லோக சிக்ஷண டிரஸ்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதைத்தான் அதிகாரிகள் இன்றும் எடுத்து வைக்கிறார்கள். "ஒரு சமுதாயத்துப் பிள்ளைகளுக்கு மட்டும்" என்ற வாசகம் நேராகவோ மறைவாகவோ வந்துவிடக் கூடாது, விலக்கே போய்விடும். நம் மாவட்டத்தில் கோவில், சபை, ஜமாஅத் வளாகத்தில் வகுப்பு நடத்த இடம் கிடைப்பது வழக்கம். தாராளமாக நடத்துங்கள், சேர்க்கை மட்டும் எல்லோருக்கும் திறந்திருக்கட்டும்.

இன்னும் நான்கு வரிகள் கட்டாயம்: வருமானம் முழுவதும் நோக்கத்துக்கே செலவாகும், உறுப்பினருக்குப் பங்கு இல்லை, பணம் இந்தியாவுக்குள்தான் செலவாகும், சங்கம் கலைந்தால் மிச்சச் சொத்து இதேபோன்ற நோக்கமுள்ள, வரிவிலக்குப் பதிவு பெற்ற வேறொரு அமைப்புக்குப் போகும். மாதிரி பைலாவைப் பார்த்து எழுதுபவர்கள் கடைசி வரியைத்தான் விடுகிறார்கள்.

படி 3: பான், வங்கிக் கணக்கு

ஆங்கிலத்தில் நம் மாவட்டப் பெயரில் 'என்' எழுத்தை ஒன்று போடுபவரும் உண்டு, இரண்டு போடுபவரும் உண்டு. சங்கப் பதிவுச் சான்றில் ஒன்று, பான் கார்டில் இரண்டு என்று வந்தால் வரித்துறை இணையதளத்தில் பெயர் பொருந்தாது. திருத்தி வாங்க வாரக்கணக்கில் ஆகும். பெயரில் ஊரைச் சேர்க்கிறீர்கள் என்றால் பதிவுச் சான்று கையில் வந்த பிறகு, அதிலிருக்கும் எழுத்தை அப்படியே பார்த்து பானுக்கு எழுதுங்கள்.

வங்கியில் இருவர் கையெழுத்து இருந்தால்தான் எடுக்க முடியும் என்ற ஏற்பாடு. கியூஆர் கோடு அன்றைக்கே வாங்கிவிடவும்.

படி 4: வரிவிலக்கு விண்ணப்பம்

இரண்டு தனித்தனி விண்ணப்பங்கள். ஒன்று சங்கத்தின் வருமானத்துக்கு விலக்கு. எல்லோரும் 12ஏ என்பது அதைத்தான். மற்றது நன்கொடை தருபவருக்குச் சலுகை, அதாவது 80ஜி. ஒன்று கிடைத்தால் மற்றது தானாக வராது. 2025-ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வந்ததால் பிரிவு எண்ணும் படிவ எண்ணும் மாறியிருக்கின்றன. பழைய 10ஏ, 10ஏபி என்று தேடாமல் இணையதளத்தில் அன்றைக்கு இருக்கும் படிவத்தை எடுங்கள்.

வகுப்பு தொடங்கும் முன்பே விண்ணப்பித்தால் தற்காலிகப் பதிவு, 3 ஆண்டுக்கு. பெரிதாகக் கேள்வி கேட்காமல் வரும். வகுப்பு தொடங்கிவிட்டால் தற்காலிகத்துக்கு வழியில்லை. நேரே முழுப் பதிவுதான் (அதற்கும் காலவரம்பு உண்டு), அதில் கணக்கு, படம், வருகைப் பதிவு எல்லாம் கேட்பார்கள்.

தற்காலிகம் வாங்கியவர்கள் தடுமாறுவது அடுத்த கட்டத்தில். "மூன்று வருஷம் இருக்கே" என்று சும்மா இருந்துவிடுகிறார்கள். வகுப்பு தொடங்கி 6 மாதத்துக்குள், அல்லது பதிவு முடிய 6 மாதம் இருக்கும்போதே, இதில் எது முந்தியதோ அதற்குள் முழுப் பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஜூனில் முதல் வகுப்பு என்றால் நவம்பருக்குள் முடித்துவிடுங்கள்.

படி 5: வகுப்பு நடந்ததற்குச் சாட்சி

பாடத்திட்டம் ஒரு பக்கம் போதும், ஆனால் தேதியோடு. 12 வகுப்பு என்று வைத்தால்: காகிதக் கிளைடர், நான்கு விசைகள், ஈர்ப்பு மையம், இறக்கைக் கோணம், வால், பிறகு ஃபோம் கிளைடர் கட்டுதல், கடைசியில் ரிமோட் மாடல். மூன்றாம் வகுப்பின் குறிப்பு எப்படி இருக்க வேண்டும் என்றால்: "60 செ.மீ. இறக்கையுள்ள ஃபோம் கிளைடர். இறக்கையின் முன்விளிம்பிலிருந்து அகலத்தில் கால் பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் இடையில் விரல் வைத்துத் தூக்கினால் சமமாக நிற்க வேண்டும். வால் தாழ்ந்தால் மூக்கில் களிமண். 20 பேர் வருகை." இப்படி ஒரு நோட்டு இருந்தால் கல்வியா பொழுதுபோக்கா என்ற கேள்வியே எழாது.

பில்லையும் அப்படித்தான். 20 ஃபோம் ஷீட், பசைக் குச்சி, கூடவே உறுப்பினர் ஒருவரின் இன்ஜினுக்கு 1 லிட்டர் நைட்ரோ எரிபொருள், எல்லாம் ஒரே பில்லில் இருந்தால் தணிக்கையில் அந்த ஒரு லிட்டர்தான் கண்ணில் படும். கடைக்காரரிடம் இரண்டு பில்லாகக் கேளுங்கள். நிர்வாகியின் சொந்தக் கடையில் வாங்கினால், வேறு இரண்டு கடைகளின் விலைப்புள்ளி கோப்பில் இருக்கட்டும். நிர்வாகிக்கும் அவர் உறவினருக்கும் சந்தை விலைக்கு மேல் போகும் பணம் விலக்கையே ஆட்டும். ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அது செலவுக் கணக்கில் ஏறாது.

இடத்துக்கு ஒரு யோசனை: கும்பப்பூ நெல் அறுப்பு முடிந்த ஏலா (வயல்வெளி) காய்ந்து கிடக்கும் நாட்கள் புது ஆட்களுக்கு ஏற்றவை. விழுந்தாலும் மாடல் எளிதில் உடையாது. கன்னிப்பூ நடவு வந்தால் இடம் போய்விடும். ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் காற்றாலை நிற்பது சும்மா இல்லை. ஆடிக் காற்றில் ஃபோம் கிளைடர் திரும்பி வராது.

டிரோன் சேர்ப்பதானால் 2021 டிரோன் விதிகள் பொருந்தும். 250 கிராம் வரையுள்ள நானோ வகைக்கு ரிமோட் பைலட் சான்று தேவையில்லை. அந்தச் சான்றுக்கு 18 வயது ஆக வேண்டும் என்பதால் பிள்ளைகளுக்கு நானோவே வசதி. முன் அனுமதி தேவைப்படாத பச்சை மண்டலத்தில்கூட, அனுமதியின்றி 120 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. மாவட்டத்தில் விமான நிலையம் இல்லைதான், ஆனால் எல்லை தாண்டினால் மகேந்திரகிரியில் இஸ்ரோ வளாகமும் கூடங்குளத்தில் அணுமின் நிலையமும் இருக்கின்றன. தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்காரர்கள் டிஜிட்டல் ஸ்கை (எங்கே பறக்கவிடலாம் என்று காட்டும் அரசு இணையதளம்) வரைபடத்தைப் பார்க்காமல் மேலே எழுப்பாதீர்கள்.

படி 6: நன்கொடை

80ஜி இருந்தால் தருபவருக்குக் கொடுத்த தொகையில் பாதிக்குக் கழிவு, அதற்கும் ஓர் உச்சவரம்பு உண்டு. பழைய வரிமுறையில் கணக்குத் தாக்கல் செய்பவருக்கு மட்டும்தான். சம்பளக்காரர்களில் பலர் புதிய முறைக்குப் போய்விட்டதால் இதையே பெரிய கவர்ச்சியாகச் சொல்லி வசூலுக்குக் கிளம்ப வேண்டாம். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாக வாங்கினால் தருபவருக்குக் கழிவு கிடையாது.

வளைகுடாவில் வேலை செய்யும் நம் ஊர்க்காரர் இந்தியக் குடிமகனாக இருந்து, தன் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. பாஸ்போர்ட் நகல் வாங்கி வையுங்கள். வேறு நாட்டுக் குடியுரிமை எடுத்தவர், ஓசிஐ அட்டை வைத்திருந்தாலும், வெளிநாட்டவர்தான். எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு இல்லாமல் அவரிடம் ஒரு ரூபாயும் வாங்காதீர்கள்.

படி 7: வருடாந்தர வேலை

வருமானத்தில் 85 சதவீதம் அந்த ஆண்டே நோக்கத்துக்குச் செலவாக வேண்டும். உதாரணத்துக்கு 4,00,000 ரூபாய் வந்தால் 3,40,000 செலவு. 60,000 கேள்வியின்றி மிச்சம். 2,50,000 மட்டுமே செலவானால் குறையும் 90,000-ஐ என்ன வேலைக்கு வைத்திருக்கிறோம் என்று, சிமுலேட்டர் கணினி வாங்க என்பதுபோல, கெடுவுக்குள் படிவம் கொடுத்து 5 ஆண்டு வரை சேர்க்கலாம். படிவம் மறந்தால் அந்தத் தொகைக்கு வரி.

நன்கொடையாளர் பட்டியலை மே 31-க்குள் ஏற்றி, சான்றிதழைத் தரவிறக்கிக் கொடுக்க வேண்டும். தாமதம் நாளொன்றுக்கு 200 ரூபாய். வருமானம் வரி வரம்பைத் தாண்டினால் ஆடிட்டர் அறிக்கை, பிறகு ரிட்டர்ன். பதிவாளருக்குத் தணிக்கைக் கணக்கும் உறுப்பினர் பட்டியலும் தனி.

நிர்வாகிகள் மாறினால் பதிவாளருக்குத் தெரிவிக்கும் அன்றே வரித்துறை இணையதளத்திலும் பெயர், கைபேசி எண்ணை மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் ரிட்டர்ன் போடும் கடைசி நாளில், சவூதிக்குப் போய்விட்ட பழைய பொருளாளரின் அணைத்துவைத்த சிம்முக்கு ஓடிபி போகும்.