டயாஃப்ரம் பாத்து ஸ்பீக்கர், ஹெட்ஃபோன் வாங்குறது எப்படி

சிங்கப்பூர் சிட்டி ஹால் பக்கம் ஆடியோ கடைங்க இருக்குற அடெல்ஃபிக்குப் போறதுக்கு முன்னாடி இத மட்டும் மனசுல வச்சுக்குங்க, டயாஃப்ரம் (ஸ்பீக்கர் உள்ள அதிர்ந்து சத்தம் உண்டாக்குற மெல்லிய பாகம்) எடை கம்மியா இருக்கணும், வளையவும் கூடாது, அதிர்வு சட்டுன்னு அடங்கணும், இந்த மூணும் ஒரே பொருள்ல கெடைக்கிறதுதான் கஷ்டம். பெரிலியம்ங்கிற உலோகம் அலுமினியத்த விட சுமார் 4 மடங்கு விறைப்பு, அடர்த்தி கன செ.மீ.க்கு 1.85 கிராம் தான் (அலுமினியம் 2.7), அதான் அவ்ளோ வெல. ஆனா அதோட தூசி நுரையீரலுக்கு விஷம், டோம் (குமிழ் மாதிரி இருக்குற டயாஃப்ரம்) ஒடைஞ்சா கையால தொடாதீங்க. சில்க் டோம் மென்மையா ஒலிக்கும், மணிக்கணக்கா கேக்கலாம், எனக்கு அதான் புடிக்கும்.

கேட்டுப் பாக்க நாதஸ்வரமும் மிருதங்கமும் இருக்குற பாட்டு ஒண்ணு கொண்டு போங்க. ரெண்டு செட்டையும் ஒரே சத்தத்துல வச்சுக் கேளுங்க, இல்லன்னா சத்தமா இருக்குறதுதான் நல்லாருக்குற மாதிரி தோணும். மிருதங்கத்தோட வலது பக்கமான வலந்தலைல அடி விழுந்ததும் அந்த நாதம் சுத்தமா அடங்குதா, இல்ல கூடவே ஒரு தகர ஓசை ஒட்டிக்கிட்டே வருதான்னு கவனிங்க.

பழைய ஸ்பீக்கர்னா கோன் மாதிரி இருக்குற டயாஃப்ரத்த சுத்தி இருக்குற ஃபோம் வளையத்த டார்ச் அடிச்சுப் பாருங்க, நம்ம ஊரு ஈரப்பதத்துல அது சீக்கிரம் மக்கிப் போயிடும். நான் வாங்குன ஒரு ஜோடில வெரல் பட்டதுமே பொடிப்பொடியா உதிந்துச்சு. ரப்பர் வளையம்னா ரொம்ப நாள் தாங்கும்.