வானிலை வரைபடமும் கைபேசிக் காற்றழுத்தமானியும்: ஒப்பிட்டுப் படிக்கும் முறை

சமஅழுத்தக் கோடு என்றால் வரைபடத்தில் ஒரே காற்றழுத்தமுள்ள இடங்களை இணைக்கும் கோடு என்று பள்ளியில் படித்திருப்பீர்கள் என்பதால், நேராகச் செய்முறைக்கு வருகிறேன். கடல்மட்ட அழுத்த வரைபடம் ஒன்றும் காற்றழுத்தமானி ஒன்றும் போதும். கைபேசியிலுள்ள உணரியையே நான் விரும்புகிறேன். ‘மழை’, ‘வெயில்’ என்று எழுதிச் சுவரில் மாட்டும் முள் கருவி எனக்குப் பிடிக்காது. அழுத்தத்தை மட்டும் வைத்து மழையைச் சொல்லிவிட முடியாது.

முதலில் வரைபடத்தின் நேரத்தைப் பாருங்கள். அது பெரும்பாலும் சர்வதேசப் பொது நேரத்தில் (UTC) இருக்கும். உள்ளூர் நேரத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

அடுத்த படியில்தான் நான் இரண்டு நாள் வீணாக்கினேன். வரைபடத்தில் 1010 ஹெக்டோபாஸ்கல் (காற்றழுத்தத்தின் அலகு) இருக்க, என் கைபேசி 980 காட்டியது. உணரி பழுது என்றே முடிவுகட்டினேன். உண்மையில், வெவ்வேறு உயரத்திலுள்ள ஊர்களை ஒப்பிடுவதற்காக, வரைபடத்தில் எல்லா அளவுகளையும் கடல்மட்டத்துக்கு மாற்றியே குறிக்கிறார்கள். கடல்மட்டத்தை ஒட்டி ஏறத்தாழ 8 மீட்டர் ஏறினால் அழுத்தம் 1 ஹெக்டோபாஸ்கல் குறையும். நான் இருந்ததோ 250 மீட்டர் உயரத்தில். விடுபட்ட 30 அங்கேதான் இருந்தது. ஆகவே உங்கள் உயரத்தை 8-ஆல் வகுத்து, வருவதைக் கைபேசி அளவோடு கூட்டிய பிறகே வரைபடத்தோடு ஒப்பிடுங்கள். உயரமான மலைப்பகுதிகளுக்கு இந்தக் குறுக்குவழி உதவாது. வெப்பநிலையையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். சில செயலிகள் தாமாகவே மாற்றிக் காட்டுவதால், மறுபடியும் கூட்டிவிடாதீர்கள்.

இனி கோடுகளைப் பாருங்கள். அவை நெருங்கியிருக்கும் இடத்தில் காற்று பலமாக வீசும். ஆனால் அது தாழ்வழுத்தத்தை நோக்கி நேராகப் பாய்வதில்லை. புவியின் சுழற்சியால் வட அரைக்கோளத்தில் வலப்பக்கமாக விலகுகிறது. ஆகவே அங்கே காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால் தாழ்வழுத்தம் உங்கள் இடப்பக்கம் இருக்கும். தென் அரைக்கோளத்தில் வலப்பக்கம். 1857-இல் டச்சு வானிலையியலாளர் பைஸ் பாலட் வெளியிட்ட விதி இது. நிலநடுக்கோட்டுக்கு மிக அருகில் இதை நம்ப வேண்டாம்.

பின்சேர்க்கை: மாலைதோறும் அழுத்தம் இறங்குகிறதே, புயலா என்று வெப்பமண்டலப் பகுதி வாசகர்கள் சிலர் கேட்டிருந்தார்கள். புயல் இல்லை. கடலைப் போல வளிமண்டலத்துக்கும் ஏற்றவற்றம் உண்டு. அங்கே காலையும் இரவும் 10 மணியளவில் அழுத்தம் உச்சத்தையும், அதிகாலையும் மாலையும் 4 மணியளவில் தாழ்நிலையையும் தொடும். ஆதலால் இன்று மாலை 4 மணி அளவை, காலை 10 மணி அளவோடு அல்லாமல், நேற்று மாலை 4 மணி அளவோடு ஒப்பிடுங்கள்.